நம்பிராஜன் இருந்த இடம்

"அவ மூளையில நான் இருந்த இடம் எனக்குத் தெரியும் அம்மை. படம் பிடிச்சுப் பார்த்தாச்சு. அந்த இடம் இப்போ இல்ல."

இசக்கியம்மை முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார் நம்பிராஜன்.

"இங்கன எம்முன்னால இருக்கீங்க அண்ணாச்சி. மொச்சையை மிதிச்சுக்கிட்டு."

நம்பிராஜன் காலை எடுத்தார்.

தாமிரபரணிக் கரையில் மருத மரங்களுக்கு நடுவே இருந்தது அந்த மடம். மடம் என்பது பெயருக்குத்தான். ஓடு வேய்ந்த இரண்டு அறைகள், ஒரு சமையல் கொட்டகை, ஆற்றுக்கு இறங்கும் படிகள்.

அம்மைக்கு நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம் வயது. காவி கட்டமாட்டார். உபதேசம் என்று எதுவும் சொல்லமாட்டார். நம்பிராஜன் அவரைவிட மூத்தவர். தலை முழுக்க நரைத்த நரம்பியல் மருத்துவர், மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரை எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்துவிடுவார்.

ஏன் போகிறீர்கள் என்று கேட்பவர்களிடம், "அங்க போனா நான் கொஞ்சம் கம்மியாப் பேசுறேன்" என்பார்.

அவர் மனைவி குழல்வாய்மொழி. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். போன ஐப்பசி மழையில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள்.

கண் விழித்தவள் கட்டிலோரம் நின்ற நம்பிராஜனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"வணக்கம் டாக்டர்."

வெள்ளைக் கோட்டைப் பார்த்துச் சொல்கிறாள் என்று நினைத்தார். கோட்டைக் கழற்றினார்.

"வணக்கம் சார்" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தைய காலம் அவளுக்கு அப்படியே இருந்தது. பிறந்த வீடு, பள்ளிக்கூடம், தோழிகள், அம்மா. அதற்குப் பிறகு வந்த எதுவும் இல்லை. புதிதாகச் சொல்வதும் தங்கவில்லை. காலையில் சொன்னது மதியத்துக்குள் கரைந்துபோகும்.

"எந்த இடம்னு காட்டுங்க" என்றார் இசக்கியம்மை.

நம்பிராஜன் தன் தலையையே காட்டினார். வகுப்பில் காட்டிப் பழகிய விரல்.

"மூச்சு இங்க. பிடரிக்கு உள்ள, தண்டுவடம் தொடங்குற இடத்துல. தள்ளாடாம நடக்குறதுக்கு அதுக்குப் பின்னால சிறுமூளை. பார்க்கிறது கண்ணுன்னு நினைக்கிறோம். பின்மண்டைதான் பார்க்குது. பேச்சு இடது பக்கம், நெத்திப்பொட்டுக்கு மேல. கை கால் அசையிறதுக்கு உச்சியில இருந்து காதுப் பக்கம் வரைக்கும் ஒரு பட்டை. அதுல முதுகு முழுசுக்கும் இருக்கிறதைவிட இந்தக் கட்டைவிரலுக்கு இடம் ஜாஸ்தி."

"ஞாபகம்?"

இரண்டு காதுகளுக்கும் மேலே விரல் வைத்தார். "ஆழத்துல. ரெண்டு பக்கமும். கடல்குதிரை மாதிரி வளைஞ்சு இருக்கும். அவளுக்கு ரெண்டும் வெந்துபோச்சு."

"அழுறதுக்கு எந்த இடம்?"

"கண்ணீர் சுரக்குறதுக்கு ஒரு நரம்பு இருக்கு அம்மை, அது வந்து…"

"சுரக்குறதைக் கேக்கல."

நம்பிராஜன் விரலை எடுத்துவிட்டார்.

அம்மை முறத்தைக் கீழே வைத்தார். "அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

*

குழல்வாய்மொழி காரிலிருந்து இறங்கியதும் ஆற்றைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இது எங்க ஊரு ஆறுல்லா!"

"ஆமா" என்றார் அம்மை. "உங்க ஊரைத் தாண்டித்தான் இங்க வருது. உள்ள வாங்க."

அவள் அம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். காரிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த நம்பிராஜனைத் திரும்பிப் பார்த்து, "டிரைவருக்கும் சாப்பாடு இருக்கும்லா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை நம்பிராஜன் வழக்கம்போல ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார். அம்மை கொட்டகையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்து எல்லாம் கேட்டது.

"நான் யாரு?"

"தெரியல சார்."

கல்யாணப் படத்தை நீட்டினார். "இது யாரு?"

"நான். எவ்வளவு நகை!"

"பக்கத்துல?"

"நல்லா இருக்காரு. யாரு?"

"நான்தான் குழலி. உன் புருஷன்."

"அப்படியா" என்றாள் மரியாதையாக. விருந்தாளியிடம் சொல்வதுபோல.

"சரி. உங்க அம்மா எங்க?"

"வீட்டுல. நான் எப்போ வீட்டுக்குப் போகலாம்?"

"அம்மா இல்ல குழலி. அவங்க போய் வருஷமாச்சு. நம்ம வீட்டுலதான் இறந்தாங்க. நீதான் கடைசியா வாயில பால் ஊத்தினே. யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சற்று முன்புதான் சாவுச்செய்தி வந்த வீட்டில் அழுவதுபோல அழுதாள்.

நம்பிராஜன் பொறுமையாகக் காத்திருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

மதியம் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. ஆற்றைப் பார்த்தபடி தயிர்ச்சோறு சாப்பிட்டாள்.

"தினமுமா?" என்று கேட்டார் அம்மை.

"தினமும். விட்டுடக் கூடாது. திரும்பத் திரும்பச் செஞ்சா மூளை புதுசா ஒரு பாதை போடும். நான் காலேஜ் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்."

"பாதை விழுந்துச்சா?"

"இன்னும் இல்ல அம்மை."

"விழுந்திருச்சு" என்றார் அம்மை.

நம்பிராஜன் நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு நாற்காலி வேண்டாம். மரத்தடியில போய் இருங்க. நான் கை காட்டும்போது வாங்க. வாயைத் திறக்காதீங்க."

*

காலையில் அம்மையும் குழல்வாய்மொழியும் முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்தார்கள். மரத்தடியிலிருந்து நம்பிராஜன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரல்கள் தாமாக வேலை செய்தன. கைப்பழக்கம் வேறோர் இடத்தில் இருக்கிறது, அங்கே காய்ச்சல் எட்டவில்லை என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அம்மை ஏதோ சொல்ல அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

அம்மை கை காட்டினார். நம்பிராஜன் எழுந்து நடந்து வந்தார். வெறுங்கையாக. ஒரு வார்த்தை பேசவில்லை.

குழல்வாய்மொழியின் விரல்கள் நின்றன. மொச்சை முற்றத்தில் உருண்டது. அவள் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு அம்மையை ஒட்டி நகர்ந்தாள்.

"என்னம்மா?" என்றார் அம்மை.

"ஒண்ணுமில்ல."

"அவர் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. பார்த்ததே இல்ல."

"பின்ன கை ஏன் நடுங்குது?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"தெரியல. நல்ல மனுஷனாத்தான் இருக்காரு." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அவர் வந்தா யாரோ செத்துப்போவாங்கன்னு இருக்கு."

நம்பிராஜன் அங்கேயே நின்றார்.

இசக்கியம்மை அவரைப் பார்த்தார். "எங்க இருக்கீங்கன்னு கேட்டீங்களே அண்ணாச்சி."

*

அவர் ஆற்றுப்படியில் போய் உட்கார்ந்தார்.

வருஷா வருஷம் வகுப்பில் அவர் ஒரு கதை சொல்வார். எந்த நாட்டிலோ ஒரு மருத்துவர். அவரிடம் நினைவே தங்காத ஒரு பெண் நோயாளி. தினமும் முதல்தடவையாகப் பார்ப்பதுபோல அவருக்குக் கைகொடுப்பாள். ஒரு நாள் அவர் விரலிடுக்கில் குண்டூசியை ஒளித்துக் கைகொடுத்தார். குத்திவிட்டது. மறுநாள் அவரை அவளுக்குத் தெரியவில்லை. ஊசியும் தெரியவில்லை. கையை மட்டும் நீட்ட மறுத்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை.

கடல்குதிரைக்குப் பக்கத்தில் பாதாம்பருப்பு அளவில் ஒன்று இருக்கிறது, பயம் அங்கே இருக்கிறது, அதற்குப் பெயரும் முகமும் வேண்டாம் என்று சொல்லிக் கதையை முடிப்பார். மாணவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

குழலிக்கு வலது பக்கத்துப் பருப்பு தப்பியிருந்தது. படத்தில் பார்த்திருக்கிறார். நல்லவேளை என்று நினைத்திருக்கிறார்.

வெயில் ஏறிய பிறகு அம்மை படியில் வந்து நின்றார்.

"நான் போயிடுறேன் அம்மை. அவ இங்கேயே உங்ககிட்ட இருக்கட்டும். நான் கண்ணுல படாம இருந்தா நிம்மதியா இருப்பா."

"போங்க."

நம்பிராஜன் எழுந்திருக்கவில்லை.

"அந்த நடுக்கத்தை என்ன செய்யட்டும்?" என்று கேட்டார் அம்மை. "அது உங்களைப் பார்த்து வந்தது. என்னால எடுக்க முடியாது."

"எனக்கு எடுக்கத் தெரியாதே."

அம்மை விளக்குமாற்றை அவர் கையில் கொடுத்தார்.

"வாசலைப் பெருக்குங்க."

"பெருக்கிட்டு?"

"உள்ள வராதீங்க."

*

நம்பிராஜன் கல்லூரிக்கு நீண்ட விடுப்பு எழுதிப் போட்டார். குழல்வாய்மொழி அம்மையின் அறையில் படுத்தாள். அவர் சமையல் கொட்டகையில் படுத்தார்.

காலையில் வாசல் பெருக்குவார். மருத இலைகள் ஓயாமல் விழுந்தன. பெருக்கி முடித்தால் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். நாற்காலியைத் தொடவில்லை. கல்யாணப் படத்தைப் பெட்டிக்குள் வைத்தார்.

ஜன்னல் வழியாக அவள் பார்ப்பாள். அவர் நிமிர்ந்தால் விலகிவிடுவாள்.

சில வாரம் போனது. ஒரு காலை அவள் அம்மையிடம் கேட்பது கேட்டது.

"வெளியில பெருக்குற ஆளுக்குக் காபி குடுத்தாச்சா?"

"இல்லையே."

டம்ளரை அவளே கொண்டுவந்தாள். வாசற்படியில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். அவர் குடித்தார். சர்க்கரை இல்லை. அவருக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு அவள் அப்படித்தான் கொடுப்பாள்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அம்மையிடம் போய்க் கேட்டார்.

"அவளா போட்டா?"

"நான்தான் போட்டேன். சர்க்கரை தீந்துபோச்சு" என்றார் அம்மை.

பிறகு தினமும் டம்ளர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, வைத்துவிட்டு ஓடுவது நின்றது. நின்று, அவர் குடிக்கும்வரை பார்த்து, டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். கை நடுங்கவில்லை.

ஒரு நாள் டம்ளரை வாங்கும்போது அவள் லேசாகச் சிரித்தாள்.

அவரால் முடியவில்லை. "குழலி, என்னைத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டார்.

டம்ளர் விழுந்து உருண்டது.

மறுநாள் அவளுக்கு அது நினைவில்லை. ஆனாலும் வெளியே வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

"கெடுத்துட்டேன்" என்றார் நம்பிராஜன்.

அம்மை விளக்குமாற்றைக் காட்டினார்.

*

மழைக்காலம் தொடங்கும்போது அவர் முற்றம்வரை வந்திருந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து கீரை ஆய்வார்கள், பயறு பொறுக்குவார்கள். ஒவ்வொரு காலையும் அவள், "நீங்க புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்பாள். "ஆமாம்மா" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்கு அவள் சட்டென்று தலை நிமிர்ந்து கேட்டாள்.

"எங்க அம்மாவைப் பார்த்தீங்களா? இன்னும் காணோம்."

நம்பிராஜனின் நாக்கில் பதில் வந்து நின்றது. பழகிய பதில். உண்மையான பதில். அவர் அம்மையைப் பார்த்தார். அம்மை குனிந்து கீரைத்தண்டு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் பார்த்ததில்லையே. உங்க அம்மா எப்படி இருப்பாங்க?"

"எங்க அம்மாவா?" குழல்வாய்மொழி கீரையைக் கீழே போட்டாள். "குட்டையா இருப்பா. எனக்குத் தலை பின்னும்போது ரெண்டு முழங்காலுக்கு நடுவுல என்னை இறுக்கிப் பிடிச்சுக்குவா. சீப்பைப் பல்லுல கடிச்சுக்குவா. கடிச்சுக்கிட்டே திட்டுவா. ஒரு வார்த்தை புரியாது சார்! திட்டுதான்னு மட்டும் தெரியும். பின்னி முடிச்சதும் பின்னங்கழுத்துல ஊதுவா. ஃபூன்னு. முடி ஒட்டியிருக்குமாம். முடியெல்லாம் ஒண்ணும் இருக்காது. சும்மா ஊதுவா."

அவள் தன் பின்னங்கழுத்தைத் தொட்டுக்கொண்டாள்.

அந்த மாமியார் கடைசிக் காலத்தில் நம்பிராஜனின் வீட்டில்தான் இருந்தார். அவருடைய ரத்த அழுத்தம் எவ்வளவு, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எல்லாம் இவருக்குத் தெரியும். சீப்பைக் கடித்துக்கொண்டு திட்டுவார் என்று தெரியாது. இவ்வளவு வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனைவியிடம் அவர் இப்படி ஒரு கேள்வி கேட்டதேயில்லை.

"நீங்க ஏன் அழுறீங்க?" என்று கேட்டாள் அவள்.

"தெரியல" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அவளிடம் வந்தது அதுதான் முதல்முறை.

"எனக்கும் அப்படித்தான்" என்றாள் குழல்வாய்மொழி. "தெரியாமலே வரும். சும்மா இருந்தா போயிடும்."

அழுகை போகும்வரை அவர் சும்மா இருந்தார்.

அன்று சாயங்காலம் அம்மையிடம் கேட்டார். "இனிமே ஒரு நாளும் அவ என் பேரைச் சொல்லமாட்டா, இல்லையா?"

"மாட்டாங்க" என்றார் அம்மை.

"வேற ஏதாவது சொல்லுங்க அம்மை."

"என்ன சொல்லட்டும்? மாட்டாங்க."

நம்பிராஜன் தலையாட்டினார். ஆறு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

*

குழல்வாய்மொழிக்கு வலிப்பு வராமலிருக்க மாத்திரை வேண்டும். தீரும் நேரம் வந்ததும் நம்பிராஜன் காலையில் காபி குடிக்குமுன்பே திருநெல்வேலிக்குக் கிளம்பினார். மதியம் திரும்புவதாகச் சொல்லியிருந்தார். வழியில் மழையில் மரம் சாய்ந்து சாலை அடைத்துக்கொண்டது. மடத்துக்கு வரும்போது விளக்கு வைக்கும் நேரம்.

வாசற்கதவு திறந்திருந்தது. கதவோரம் குழல்வாய்மொழி நின்றுகொண்டிருந்தாள். புடவையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"காலையில இருந்து இப்படித்தான்" என்றார் அம்மை உள்ளேயிருந்து. "உள்ள கூட்டிட்டு வருவேன். எதுக்கு நின்னோம்னு மறந்துடுவாங்க. மறுபடியும் போய் நிப்பாங்க. சாப்பிடல."

நம்பிராஜன் குடையை மடக்கிக்கொண்டு படியேறினார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

அவர் நின்றார். மழைத்தண்ணீர் சட்டையிலிருந்து சொட்டியது. சொல்வதற்கு அவரிடம் ஒரு பெயர் இருந்தது. கல்யாணப் படம் இருந்தது. வருஷங்கள் இருந்தன.

"மழைக்கு ஒதுங்கினேம்மா" என்றார்.

"நனைஞ்சிட்டீங்களே! உள்ள வாங்க." வழிவிட்டாள். "ஒருத்தர் வரணும். வந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்."

"யாரு வரணும்?"

அவள் சாலையைப் பார்த்தாள். யோசித்தாள். நெற்றி சுருங்கியது.

"தெரியல சார். ஆனா வரணும்."

உள்ளே இலைகள் போட்டிருந்தன. அம்மைக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, நடுவில் இன்னொன்று. அவளே போட்டாளாம். நடுஇலைக்குத் தண்ணீர்கூடத் தெளித்து வைத்திருந்தாள்.

நம்பிராஜன் அந்த இலைக்கு முன்னால் உட்காரவில்லை. சுவரோரம் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் பசிக்கலையா?" என்று கேட்டாள்.

"அவர் வரட்டும்மா. காத்திருப்போம்."

அவள் தலையாட்டினாள். வாசலுக்குப் போகத் திரும்பியவள், என்ன நினைத்தாளோ, போகவில்லை. அவருக்குக் கொஞ்சம் தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஈரப் புடவையைப் பிழிந்தாள். மழை ஓட்டில் விழுவதைக் கேட்டபடி ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முனகினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் இருந்தார்.

அம்மை சோற்றுப் பானையைத் தூக்கி வந்தார். பரிமாறாமல் நின்றார்.

"யாரோ வரணும்னீங்களேம்மா. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போமா?"

குழல்வாய்மொழி புரியாமல் நிமிர்ந்தாள்.

"யாரு வரணும்? அதான் எல்லாரும் இருக்கோமே. சோத்தைப் போடுங்க."